‘அப்புறம்’ என்று எழுதிய ஆள்

போன புதன்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு என் துப்பறியும் தொழில் கவிழ ஆரம்பித்தது. அந்த நேரத்தில் நான் கண்ணாடியை மூக்கு நுனியில் நிறுத்தி, ஒரு பழைய போட்டித் தேர்வு வழிகாட்டியை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவனின் ஜாதகத்தை நூலகத்துக்கே வாசித்துக்கொண்டிருந்தேன்.

முறையாகச் சொல்லிவிடுகிறேன். கொல்லிமலையில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்து, முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்டுச் சென்ற வருடம் விருப்ப ஓய்வு வாங்கியவள் நான். என் நாற்காலிக்கு வந்திருக்கும் கோகிலா, வாசகர் வட்டத்தின் சார்பில் மலர் ஒன்று போடுகிறோம், நன்கொடையாக வரும் பழைய புத்தகங்களை எப்படிக் கையாள்வது என்று உங்கள் அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தாள். “புதுசா வேலைக்கு வாரவங்களுக்குப் பிரயோஜனமா இருக்குமுங்கக்கா” என்றாள். இருக்கும். எதைச் செய்யக் கூடாது என்று தெரிந்துகொள்ள நிச்சயம் இருக்கும். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நாமக்கல்லில் புத்தகங்களை வகை பிரிக்கப் படித்தேன், கிழிந்த முதுகை ஒட்டப் பசை காய்ச்சக் கற்றேன், மலைக்கு உத்தரவு வந்ததும் அழுதேன். கொண்டை ஊசி வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தபோது கண்டக்டர் வந்து, “நீங்க எந்த நாட்டுக்குப் போகணுமுங்க?” என்றார். மலையில் ஊர்க் கூட்டங்களுக்கு நாடு என்று பெயர் என்பது எனக்குத் தெரியாது. “இந்த நாட்டுக்குள்ளதாங்க, இந்தியாவுக்குள்ளதான்” என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. “அம்மணி, வளப்பூர் நாடுங்களா, அரியூர் நாடுங்களா, திருப்புலி நாடுங்களான்னு கேட்டேன்” என்றார் அவர் பொறுமையாக. மலை எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அதை நான் எவ்வளவு அழகாக மறந்தேன் என்பது பின்னால் வரும்.

சின்னக் கிளைக்குப் புதுப் புத்தகம் வருவது அபூர்வம். வருவதெல்லாம் மூட்டைதான். அடிவாரத்தில் யாராவது வீட்டைக் காலி செய்தால், ஓய்வுபெற்ற ஆசிரியர் கண் தெரியாமல் போனால், பழைய பேப்பர் கடைக்காரருக்கு மனசு இரங்கினால், சாக்கு மூட்டை பஸ் கூரையில் ஏறி வந்துவிடும். மூட்டையைப் பிரிப்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து வெள்ளைத் துணி மேல் உதற வேண்டும். பிறகு வெயிலில் பக்கம் விரித்து வைக்க வேண்டும். பேனாவில் எழுதிய பெயரின் மேல் ஒரே ஒரு கோடு. சுரண்டினால் தாள் போய்விடும். பென்சில் எழுத்தை ரப்பரால் அழிக்க வேண்டும், பக்கத்தை இடது கையால் அழுத்திப் பிடித்து, ஒரே பக்கமாக. கடைசியாக முத்திரை: முதல் பக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, ரகசியப் பக்கத்தில் ஒன்று. முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைத் தன்னுடையது என்பவர்களுக்காக உள்ளே எங்கேயோ ஒரு குறிப்பிட்ட பக்கத்தில் முத்திரை குத்தி வைப்போம். அது எந்தப் பக்கம் என்று இங்கே எழுதினால் கோகிலா என்னை உள்ளே விடமாட்டாள். அவளையும் என்னையும் தவிர அந்த எண்ணை அறிந்தவன் என் மகன் கதிர்தான். பள்ளி விடுமுறைகளில் நாக்கைத் துருத்திக்கொண்டு அந்த முத்திரையைக் குத்தியவன் அவன்.

எனக்குப் பிடித்தது உதறும் வேலை. வெள்ளைத் துணியில் பஸ் டிக்கெட் விழும், கொண்டை ஊசி விழும், காய்ந்த மிளகுக் கொடி இலை விழும். ஒரு சமையல் புத்தகத்தில் வத்தக்குழம்புப் பக்கத்தில் மட்டும் மஞ்சள் விரல் ரேகைகள். அந்த வீட்டில் வேறெதுவும் சமைக்கவில்லை என்று அறிவித்தேன். ஒரு ஜோதிடப் புத்தகத்தில் ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பேனா தாளைக் கிழிக்கும் அளவுக்கு அழுத்தி, ‘வேண்டவே வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. மாமியார் கைதான் என்றேன். என் நட்சத்திரமும் அதுதான் என்பதால் அந்த அம்மாளோடு மனசுக்குள் ஒரு வாரம் சண்டை போட்டேன். வாசகர்கள் புத்தகம் எடுக்க வந்தார்களோ இல்லையோ, என் கண்டுபிடிப்புகளைக் கேட்க வந்தார்கள். முன்னாள் சொந்தக்காரர்களில் ஒருவரும் வந்து மறுக்காததால் நான் சொன்னதெல்லாம் உண்மை என்றே வருடங்கள் ஓடின.

இந்த இடத்தில் எங்கள் ஆய்வாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். நாங்கள் இன்ஸ்பெக்டர் என்றே சொல்லுவோம். முதல் பஸ்ஸில் சொல்லாமல் வருவார். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பூனை மாதிரி பின்னால் வந்து நிற்பார். திட்டமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். கேள்வி ஒன்றுதான். “புத்தகமெல்லாம் அடுக்கியாச்சுங்களா?” ஆச்சு சார் என்போம். “அப்புறம்?” தூசி தட்டியாச்சு சார். “அப்புறம்?” அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. நம் வாய்தான் தானாகத் திறந்து, வராந்தா ஓடு ஒழுகுவது, கரையான் வந்தது, நேற்று அரை மணி முன்னால் பூட்டிவிட்டுப் போனது என்று ஒவ்வொன்றாகக் கொட்டும். எல்லாம் கொட்டி முடிந்து நாம் காலிச் சாக்கு மாதிரி நிற்கும்போது, “சரி” என்பார். அடுத்த பஸ்ஸில் போய்விடுவார்.

அவர் போன அன்று மாலை வீட்டில் நாடகம்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை நடை நடந்து, “அப்புறம்?” என்பேன். கதிர் தரையில் புரண்டு சிரிப்பான். அவர் ஓய்வுபெற்று எங்கோ பேரன் பேத்தியிடம் அப்புறம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல் மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அது எனக்குத் தெரியாது. தெரிந்தவன் ஒருவன் இருந்தான்.

இனி புதன்கிழமை. மூட்டை வந்திருக்கிறது, பிரிக்க வாங்க என்று கோகிலா கூப்பிட்டிருந்தாள். மூட்டையின் மேல் வாட்டத்திலேயே இருந்தது அந்தத் தேர்வு வழிகாட்டி. முதல் பக்கத்தில் நீலப் பேனாவில் ‘ப. தனசேகர்’. உள்ளே ஓரங்களில் பென்சில் கிறுக்கல்கள். கேட்பதற்கு ஆளும் இருந்தார்கள். தினமும் பேப்பர் படிக்க வரும் மிளகுக்காரர் பெரியசாமி அண்ணன், இரண்டு கல்லூரிப் பெண்கள், கோகிலா. எனக்கு வேறென்ன வேண்டும்?

“தனசேகர் தம்பி படு சோம்பேறி” என்று ஆரம்பித்தேன். “பாடத்துக்குப் பாடம் ‘அப்புறம்’னு எழுதி வெச்சிருக்கான். இந்தப் பாடமா, அப்புறம். அந்தப் பாடமா, அப்புறம். பக்கத்துல கோடு வேற போட்டு எண்ணியிருக்கான். எத்தனை தடவை தள்ளிப் போட்டான்னு கணக்கு.”

“பேனாவுல பேர் எழுதிட்டு எதுக்குங்கக்கா பென்சில்ல எழுதறான்?” என்றாள் கோகிலா. தொழிலில் புதியவள் கேட்ட நல்ல கேள்வி. நான் அசரவில்லை. “பேனாவுல மை போட்டுக்கிறதையும் அப்புறம்னு விட்டிருப்பான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கங்களில் வட்ட வட்டமாக டம்ளர் வைத்த கறை இருந்தது. முகர்ந்து பார்த்தேன். “சத்துமாவுக் கஞ்சி. பாவம் அந்தப் பெத்தவ. நேரா நேரத்துக்குக் காய்ச்சிக் கொண்டுவந்து வெச்சிருக்கா. தங்கமான தாய். இந்த உதவாக்கரை என்ன பண்ணியிருக்கான் பாருங்க.” அரசியலமைப்புப் பாடத்தின் ஓரம் முழுக்கச் சக்கரமும் பெல்ட்டுமாக ஏதோ இயந்திரத்தின் படம். ஒன்றல்ல, பக்கத்துக்கு நாலு. “சக்கரம்னா என்ன? பயணம். மனசு நாற்காலியில இல்லை, ஊர் சுத்துது.”

“அம்மணி, பையனுக்குக் கண்ணாலம் ஆச்சுங்களா? அதையும் பாத்துச் சொல்லிப்போடுங்க” என்றார் பெரியசாமி அண்ணன்.

“இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?” என்றேன். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். சிரிப்பு அடங்கும்போது பார்த்தேன். என்னைக் கூட்டிப்போக வந்த கதிர், வண்டிச் சாவியை விரலில் மாட்டியபடி வாசலில் நின்றிருந்தான்.

“போலாங்களாம்மா?” என்றான். அவ்வளவுதான்.

கதிருக்கு இருபத்து மூன்று வயது. பட்டம் வாங்கிய நாளிலிருந்து அரசுத் தேர்வுக்குப் படிக்கிறான், அதாவது நான் படிக்க வைக்கிறேன். வண்டியில் வரும்போது அவன் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது தெரியவும் இல்லை, நான் பேசிக்கொண்டே வந்ததால். சாப்பாட்டு நேரத்தில் தனசேகரின் கதையை என் வீட்டுக்காரருக்கு முதலிலிருந்து சொன்னேன். அவர் மிளகு வாங்கி விற்பவர். காதில் போனை வைத்து விலை கேட்டபடியே தலையாட்டினார். நடுவில் கதிர் ஏதோ சொன்னான். நான் ஏதோ கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க” என்று கை கழுவப் போனான்.

மறுநாள் விடிந்து கஞ்சி டம்ளரோடு போனால் அவன் அறையில் யாருமில்லை. போர்வை மடித்திருந்தது. என் மகன் போர்வை மடித்து நான் பார்த்ததில்லை. பை இல்லை. வண்டி வாசலில் நின்றது. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே. “எங்கியாச்சும் சிநேகிதகாரன் ஊட்டுக்குப் போயிருப்பான்” என்றார் வீட்டுக்காரர். “அப்ப எதுக்குங்க போர்வையை மடிக்கோணும்?” என்றேன்.

கோகிலா போன் செய்தாள். “அக்கா, அந்தத் தனசேகர் புத்தகத்துல பென்சிலை அழிச்சிட்டு இருக்கேனுங்க. ஒரு சந்தேகம். அந்த ‘அப்புறம்’ எல்லாத்துக்கும் பின்னால கேள்விக்குறி இருக்குதுங்களே. சின்னதா இருக்குது, நேத்து நீங்க கவனிக்கலீங்களா?”

“சரி. அப்புறம்?” என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. எதிரே வீட்டுக்காரர் காபியை வாயருகே நிறுத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். படிச்சியா கண்ணு? அப்புறம்? மாதிரித் தேர்வு எழுதுனியா சாமி? அப்புறம்? பாடத்துக்குப் பாடம், கஞ்சிக்குக் கஞ்சி. அவன் எண்ணியது தள்ளிப்போட்ட தடவைகளை அல்ல. செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி பின்னால் வந்து நின்ற தடவைகளை.

“அழிக்காதே!” என்று கத்தினேன். போனில் கோகிலா கையிலிருந்த ரப்பரைக் கீழே போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

முழங்காலை மறந்து நூலகத்துக்கு ஓடினேன். ஒரு புத்தகத்துக்கு ஒரே சொந்தக்காரர்தான் என்று நினைக்காதே என்று கோகிலாவுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். பேனாக்காரன் வேறு, பென்சில்காரன் வேறு. தனசேகர் யாரோ புண்ணியவான், பெயரை எழுதிவிட்டு விற்றுவிட்டான். அவனிடமிருந்து பழைய புத்தகக் கடை வழியாக வாங்கியவன் என் மகன். அவனுடைய கையெழுத்தைக் கூடவா தெரியவில்லை என்று கேட்பீர்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் அவன் எனக்குத் தட்டெழுத்தில்தான் தெரிவான், போனில். புத்தகத்துக்கும் பழுப்பு அட்டை போட்டுத்தான் வைத்திருந்தான்.

வரலாற்றுப் பாடம் வரைக்கும் கோகிலா அழித்திருந்தாள். நன்றாகவே அழித்திருந்தாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரே பக்கமாக. என் விரல் பழக்கத்தில் ரகசியப் பக்கத்துக்குப் போனது. புதன்கிழமை நான் அதைப் பார்க்கவில்லை. முத்திரை குத்துவது இப்போது கோகிலாவின் வேலை. அந்தப் பக்கத்தின் அடியில், முத்திரை விழும் இடத்தில், முத்திரை அளவுக்கே பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருந்தது. கட்டத்துக்குள்ளே, ‘இதுதான் கடைசி. நாடு மாறிடலாம்.’

கடைசி என்ற சொல்லை வீட்டில் பிள்ளையைக் காணாத தாய் எப்படிப் படிப்பாள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லைப் பார்க்காமல் இருப்பதற்காகப் பக்கத்துச் சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நாடு. வெளிநாடு போகிறான்! திருச்சியில் இருக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு உடனே விமான நிலையத்துக்கு ஓடச் சொன்னேன்.

“உள்ள விடமாட்டாங்கக்கா.”

“வாசல்ல நில்லுடா.”

“எந்த நாட்டு விமானத்துக்கு நிக்கட்டும்?”

“எல்லா நாட்டு விமானத்துக்கும் நில்லு!”

அவன் கொஞ்சம் யோசித்து, “ஏங்கக்கா, கதிர்கிட்ட பாஸ்போர்ட் இருக்குதா?” என்றான்.

இல்லை. எடுக்கவே இல்லை. அதைச் சொன்னேன்.

“அப்புறம்?” என்றான் தம்பி. அவன் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாடு கைவிட்டுப் போனதும் மிச்சம் இருந்தது அந்த இன்னொரு சொல்தான்.

கோகிலா தண்ணீர் கொடுத்தாள். பெரியசாமி அண்ணன் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, வழக்கமான கேலி இல்லாமல், “வந்துருவானுங்க அம்மணி. நல்ல பையன். நேத்து வாசல்ல நின்னப்பப் பாத்தனே, பெரியவங்க சிரிக்கறப்பக்கூட எடுத்தெறிஞ்சு பேசலை” என்றார். ஆறுதல் சொல்லத்தான் சொன்னார். அந்த ஆறுதலை என்னால் வாங்க முடியவில்லை.

அந்தப் பென்சில் வரியைப் போனில் படித்துச் சொன்னதும் என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார். உச்சி தாண்டித் திரும்பியபோது செருப்பெல்லாம் செம்மண், முள் கிழித்த கை. எங்கே போனீர்கள் என்று நான் கேட்கவில்லை. “பள்ளத்துப் பாறை விளிம்பு வரைக்கும் பாத்துட்டு வாரேன். அங்க யாருமில்லை” என்றார். யாருமில்லை என்ற சொல் அவ்வளவு நல்ல சொல் என்று அன்றுதான் தெரிந்தது. மிளகு விலை சொல்ல வந்த போனை எடுக்காமல் அணைத்தார். திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. போலீசில் சொல்லிவிடலாமா என்றார். பஸ் நிறுத்தத்தைத் தாண்டித்தான் ஸ்டேஷன். இரண்டு பேரும் நடந்தோம்.

நிறுத்தத்தில் திருப்புலிப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றிருந்தது. பலாப்பழத்தோடு ஒருவர் இறங்கினார். அவருக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு ஆள் இறங்கினார். நான் அவரைத் தாண்டிப் போயே விட்டேன்.

“அம்மா, எங்கீங்க போறீங்க?” என்றது நரைத்த தலை.

நரை இல்லை. உமி. தலை, புருவம், சட்டை எல்லாம் உமி. தோளில் பை, கையில் ஒரு சின்னப் பொட்டலம். என்ன செய்தேன் என்று சரியாக நினைவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உமியைத் தட்டிக்கொண்டே இருந்தேன் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். தட்டினேனா அடித்தேனா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது.

“வெளிநாடு போயிட்டேன்னு நெனச்சோம் சாமி” என்றேன்.

“வெளிநாடா? திருப்புலி நாட்டுக்குத்தாம்மா போனேன். அங்க சாமை, தினை உடைக்கிற மிஷின் போட்டிருக்காங்க. ஓட்டறதுக்கு ஆள் வேணுமாம். அரை நாள் ஓட்டிப் பாக்கறேன்னு போனேன். அங்க டவர் கிடைக்காது.”

“சொல்லிட்டுப் போகக் கூடாதா?”

“ராத்திரி சாப்புடறப்பச் சொன்னனுங்களே. ‘காலையில திருப்புலி நாட்டுக்குப் போறேன்’னேன். ‘அப்புறம்?’னீங்க. அப்பா மிளகு விலை கேட்டுட்டு இருந்தாரு.”

வீட்டுக்காரர் பஸ்ஸின் டயரை உற்றுப் பார்த்தார்.

“அது என்ன, இதுதான் கடைசின்னு?”

“கடைசிப் பரீட்சைப் புத்தகம்னு எழுதுனேன்.” அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தான். அவன் முகமும் மாறியது. “ஐயோ அம்மா. அப்படி இல்லீங்க.”

“அதை எதுக்கு கண்ணு மூட்டைக்குள்ள போட்ட?”

கையிலிருந்த சாமைப் பொட்டலத்தை மறு கைக்கு மாற்றினான். “நேராச் சொன்னா உங்க காதுல விழ மாட்டேங்குது. யாரோ எழுதுனதுன்னா கண்ணாடி போட்டுட்டுப் படிக்கிறீங்க, மோந்தெல்லாம் பாக்கறீங்க. அதான், யாரோ ஒருத்தனாட்டம் எழுதிப் போட்டேன். நீங்க முதல்ல அந்த முத்திரைப் பக்கத்தைத்தான் பிரிப்பீங்கன்னு நெனச்சேன். கூட்டத்தைக் கூட்டி வாசிப்பீங்கன்னு நெனக்கலை.”

ஓய்வுபெற்றபோது கொடுத்த பாராட்டுரையில், ‘புத்தகங்களின் மனதைப் படித்தவர்’ என்று அச்சடித்திருந்தார்கள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. கழற்ற வேண்டும்.

மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். கதிர் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். மிஷின் நன்றாக ஓடுகிறதாம். பெல்ட் மட்டும் கழன்றுகொண்டே இருக்கிறதாம். சக்கரத்தை ஒரு விரல் அளவு தள்ளி வைத்தால் சரியாகும் என்று சொன்னானாம், அவர்கள் தள்ளி வைத்தார்களாம், சரியாகிவிட்டதாம். அரசியலமைப்புப் பாடத்தின் ஓரத்தில் நாலு நாலாக அவன் வரைந்திருந்த சக்கரம் எனக்கு இப்போது ஒழுங்காகத் தெரிந்தது. “திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க” என்று நிறுத்தினான்.

என் நாக்கு நுனியில் அது வந்து நின்றது. பல்லால் கடித்துக்கொண்டேன். சாலையில் எங்கள் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கதிர் இரண்டு அடி முன்னால் போய்த் திரும்பி நின்று என்னைப் பார்த்தான். புருவத்தில் இன்னும் உமி இருந்தது.

“என்னம்மா, கேக்க மாட்டீங்களா?”

“என்ன சாமி?”

“அப்புறம்னு.”